கன்னியம்மா போன பதினோரு வீடுகள்

1997-ஆம் வருஷம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஒரு தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அப்படி வைத்திருந்த வீடுகளில் முப்பது நாற்பது வீடுகளுக்குக் கன்னியம்மாவைத் தெரியும். கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டால் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். அவளிடம் போன் கிடையாது. அம்பத்தூர் ஒரகடத்தில் அவள் குடியிருந்த ஒற்றை அறைக்கு முன்னால் துலுக்கானத்தின் மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடை நம்பரைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தாள். துலுக்கானம் பருப்பு நிறுத்துக்கொண்டே செய்தியைக் கேட்டு, பொட்டலம் கட்டும் காகிதத்தில் எழுதி வைப்பார். "காட்டுப்பாக்கத்துல ஒர்த்தருக்கு எய்த்து ஆடுதாம்மா. இன்னிக்கே வரணுமாம்."

அவளிடம் கம்ப்யூட்டரும் கிடையாது. ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவில் ஏழெட்டு ஃப்ளாப்பிகள். அவளுடைய தொழில் மொத்தமும் அவ்வளவுதான்.

பாரிவாக்கத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். கன்னியம்மா பள்ளிக்கூடம் முடித்துப் பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. 1987-இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் டைப்ரைட்டர் மாதிரியே கட்டைகள் இருந்ததால் அவளை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலையில் அவள் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, திரையின் அடியில் போய் விழுந்து குவிந்தன. ஆபீஸே வந்து வேடிக்கை பார்த்தது. மானேஜர், "நீ என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல் நின்றாள். மத்தியானம் நகரத்திலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஒரு ஃப்ளாப்பியைப் போட்டார். பத்து நிமிஷத்தில் எழுத்துகள் ஒழுங்காக நின்றன. "இது வைரஸ் சார், இவங்க மேல தப்பில்ல" என்று அவர் சொன்ன வார்த்தையைக் கன்னியம்மா வெகுநாள் மறக்கவில்லை. அவர் போவதற்குள் அந்த ஃப்ளாப்பியில் என்ன இருக்கிறது, எந்தக் கட்டளை அடிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

1994-இல் கம்பெனியை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் புதிதாக யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததைப் போய்ச் சரி செய்து கொடுத்தாள். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். அப்படியே அது அவளுடைய பிழைப்பாகிவிட்டது.

வேலை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தன் ஃப்ளாப்பியைப் போட்டுத் தொடங்குவாள். அது ஹார்டு டிஸ்கை ஓரத்திலிருந்து தடவிப் பார்க்கத் தொடங்கும். முதல் ஐந்து நிமிஷம் வீட்டில் உள்ள எல்லோரும் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். டி.வி. சத்தமும் குக்கர் சத்தமும் வேறு அறையிலிருந்து கேட்கும். கன்னியம்மா யாரோ ஒருவருடைய படுக்கையறையில், யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோவுக்குக் கீழே, எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும், "போயிடிச்சாம்மா?" என்பார்கள். "போயிடிச்சுங்க" என்பாள். அதோடு சரி. எல்லாம் நன்றாக ஓடுகிற வரை அந்த வீட்டில் யாரும் அவளை நினைக்க மாட்டார்கள்.

வனஜாவின் வீடு மட்டும் அப்படியில்லை. காட்டுப்பாக்கத்தில் இருந்த வனஜா ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. கணவருக்குத் திருச்சியில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். செம்பரம்பாக்கம் ஏரி மீன்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு அத்தியாயங்கள். முதல் முறை கன்னியம்மா போனபோது, ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வனஜா ஒரு போட்டோவை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். விரல் நீளத்தில் ஒரு மீன்.

"இது அயிரைங்க" என்று கன்னியம்மா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

வனஜா கதவருகில் நின்று திரும்பினாள். "உங்களுக்கு மீன் தெரியுமா?"

"அந்த ஏரித் தண்ணியிலதானே மேடம் வளந்தோம்."

அன்றைக்கு வனஜா பதினெட்டு போட்டோக்களைக் காட்டினாள். பதினாலுக்குக் கன்னியம்மா பெயர் சொன்னாள். ஒரே மீனைப் பாரிவாக்கத்தில் ஒரு மாதிரியும் ஏரிக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரியும் சொல்வார்கள் என்பதையும் சொன்னாள். வனஜா எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போங்க" என்றாள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வைரஸ் இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வனஜா போன் செய்வாள். "சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போங்க, கன்னியம்மா." அந்த வீட்டுக்குப் போகும் நாளில் அவள் நல்ல சேலை கட்டிக்கொள்வாள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் ஆவடியில் வேம்புலி என்கிற ஜோசியரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியிருந்தார். கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து கூட்டம் இரட்டிப்பாகியிருந்ததாம். இரண்டு நாளாக மெஷின் சண்டித்தனம் செய்தது. கன்னியம்மா ஃப்ளாப்பியைப் போட்டு இரண்டு பழைய வைரஸ்களைக் கண்டுபிடித்து எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரை வழக்கம்போலத் தொடங்கி, "உங்க ஜாதக புரோகிராம் ஓடுதான்னு பாருங்க" என்றாள்.

வேம்புலி உட்கார்ந்தார். "யாருதையாவது போட்டுப் பாக்கணுமே. உன்னுது சொல்லும்மா. பொறந்த தேதி இன்னா?"

"எனக்கு ஜாதகமெல்லாம் கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துல அம்பத்தாறு ஜூன் ஒண்ணுன்னு போட்டாங்க. நெசத் தேதி தெரியாது."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"ஏரி ரொம்பிக் கலங்கல் வழிஞ்ச வருசம், ஆடி மாசம், மூணாவது வெள்ளி, கோழி கூவற நேரம்னு சொல்லும்."

"அது போதுமே! அம்பத்தாறா?" என்று வேம்புலி கணக்குப் போட்டுத் தேதியைத் தட்டினார். கட்டங்கள் திரையில் வந்தன. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தொழில் ஸ்தானம் கெட்டியா கீது. அலைச்சல் உண்டு. ஏழாம் எடத்தை குரு பாக்கறாரும்மா. கல்யாண யோகம் நல்லா கீதே! இருவத்திரண்டு வயசுலயே நடந்திருக்கணுமே. எத்தினி புள்ளைங்க?"

"இல்லீங்க. ஆவலை."

வேம்புலி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இருபத்திரண்டு வயதில் அவளைப் பெண் பார்க்கத் திருமழிசையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை சர்க்கார் ஆபீசில் பியூன். மாப்பிள்ளையின் அக்கா ஜாதகம் கேட்டாள். அப்பா, "எங்க சனத்துல ஏதும்மா ஜாதகம்" என்று சிரித்தார். வந்தவர்கள் சிரிக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு தம்பி சின்னசாமியின் படிப்பு, அப்பாவின் வைத்தியம், தம்பி கல்யாணம் என்று வருஷங்கள் போய்விட்டன. கேட்க யாரும் வரவுமில்லை.

"இத ஒரு காப்பி குடுங்களேன்" என்றாள் கன்னியம்மா.

"பிரிண்டர் ரிப்பன் காஞ்சி போய்க் கீதேம்மா. புதுசு வாங்கணும். ஃப்ளாப்பியில வேணா போட்டுக்கோ."

அவளுடைய டப்பாவில் எல்லா ஃப்ளாப்பியும் நிரம்பியிருந்தன. கொஞ்சம் இடமிருந்தது வைரஸ் எடுக்கிற ஃப்ளாப்பியில்தான். அதன் மூலையில் ஒரு சின்னச் சதுர ஓட்டை உண்டு. ஓட்டை திறந்திருக்கும் வரை எந்த மெஷினும் அதில் எழுத முடியாது. எத்தனை வீடு போனாலும் அந்த ஃப்ளாப்பி சுத்தமாக இருப்பதற்கு அதுதான் காவல். மூன்று வருஷத்தில் ஒரு முறைகூட அவள் யார் வீட்டிலும் அந்த ஓட்டையை மூடியதில்லை. அன்று நகத்தால் தள்ளி மூடினாள். தன் ஜாதகத்தைக் காப்பி செய்தாள். உடனே மறுபடி திறந்துவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் அவள் பதினோரு வீடுகளுக்குப் போனாள். சில வீடுகளில் வேலை முடித்த பிறகு, யாரும் அறையில் இல்லாத நேரத்தில், அந்தக் கட்டங்களைத் திரையில் வரவழைத்துப் பார்ப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு முழுசாகப் புரியாது. ஏழாம் கட்டம் எது என்று மட்டும் தெரியும்.

செப்டம்பர் மாதம் வனஜா போன் செய்தாள். இந்த முறை சும்மா இல்லை. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது, டிசம்பருக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும் என்று பதற்றமாகச் சொன்னாளாம். கன்னியம்மா அதற்கு முந்தின வாரம்தான் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வைரஸ் எடுக்கிற புதிய புரோகிராம் வாங்கி வந்திருந்தாள். வனஜாவின் மெஷினில் அதைப் போட்டதும் அவள் கேள்விப்படாத ஒரு பெயர் சிவப்பில் வந்தது. எடுத்துவிடவா என்று கேட்டது. எத்தனையோ முறை செய்தது போல எடு என்று அழுத்தினாள்.

வனஜா வந்து நாலாம் அத்தியாயத்தைத் திறந்தாள். திரை முழுக்கச் சதுரங்களும் கோடுகளும் பொருளில்லாத குறிகளும். ஐந்தாம் அத்தியாயமும் அப்படியே. முதல் மூன்றுக்கு ஃப்ளாப்பியில் நகல் இருந்தது. ஆறாவதை இனிமேல்தான் எழுத வேண்டும். ஏரியில் இரண்டு வருஷம் எடுத்த கணக்கெல்லாம் அந்த இரண்டு அத்தியாயங்களில்தான் இருந்தன.

வனஜா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கன்னியம்மா புது ஃப்ளாப்பியில் இருந்த குறிப்பைத் திறந்து படித்தாள். ஆபீசில் கற்ற இங்கிலீஷில் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. கம்ப்யூட்டரைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இந்த வைரஸ் ஹார்டு டிஸ்கின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குழப்பி வைக்கும். அது உள்ளே இருக்கிற வரை தானே பிரித்துப் படித்துக் காட்டும், வித்தியாசம் தெரியாது. முதலில் குழப்பியதைத் திரும்பச் சரிசெய்த பிறகே அதை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் குழம்பியது குழம்பியதுதான்.

இதைப் படிக்காமல் அழுத்திவிட்டாள். பிறகு ஏனென்று தெரியாமல், ஒருவேளை பழக்கத்தில்தான், தன் பழைய ஃப்ளாப்பியைப் போட்டு அதையும் சோதித்தாள். அதே பெயர், அதே சிவப்பு. ஃப்ளாப்பியில் இருந்த புரோகிராம்கள் மாறிய தேதியைப் பார்த்தாள். ஜாதகத்தைக் காப்பி செய்த அதே தேதி, அதே நிமிஷம்.

வேம்புலி வீட்டில் அவளுடைய பழைய புரோகிராமுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இருந்திருக்கிறது. அரை நிமிஷத்தில் ஏறிவிட்டது. ஓட்டையைத் திறந்து அவளே அதைப் பத்திரமாகப் பாதுகாத்து வீடு வீடாகக் கொண்டுபோயிருக்கிறாள்.

வனஜா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு டம்ளர் காபி. "எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

கன்னியம்மாவின் வாயில் வந்தது, "ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு மேடம். எங்கேந்துன்னு சொல்ல முடியாது."

"நீங்க வந்ததால மிச்சமாவது தப்பிச்சுது" என்றாள் வனஜா. அவள் கண்கள் சிவந்திருந்தன. "காபி ஆறுது, குடிங்க."

கன்னியம்மா குடித்தாள். அந்தக் காபி தொண்டையில் இறங்கியதை அவளால் வருஷக்கணக்கில் மறக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. துலுக்கானம் கடை அரை நாள்தான். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சந்தில் சத்தமே இல்லை. கன்னியம்மா சமைக்கவில்லை. சின்ன டைரியை எடுத்து வேம்புலி வீட்டுக்குப் பிறகு போன வீடுகளை எண்ணினாள். வனஜாவோடு பதினொன்று. மற்ற பத்து வீடுகளிலும் அது இந்த நிமிஷம் கடைசியிலிருந்து தின்றுகொண்டிருக்கும். எவனாவது கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்து அவளைப் போலவே அழுத்திவிட்டால் அவ்வளவுதான். 'இலவசமா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்' என்று சொல்லிப் பத்து வீட்டுக்கும் போய், சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வெகுநேரம் அதையே யோசித்தாள். யாரிடமாவது கேட்டால் தேவலை என்று இருந்தது. பாரிவாக்கத்தில் தம்பி இருக்கிறான், ஆனால் அவனுக்கு ஃப்ளாப்பி என்றால் என்னவென்று தொடங்கிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தாலும், "உனக்கெதுக்குக்கா இந்த வயசுல ஜாதகம்?" என்றுதான் கேட்பான்.

ஆபீசில் எல்லோர் முன்னாலும் செய்யாத தப்புக்கு நின்றது ஞாபகம் வந்தது. இது அவள் செய்தது. திங்கள் காலை ஆவடிக்கு ரயில் ஏறினாள்.

முதல் வீடு இராமகிருஷ்ணன் என்கிற பென்ஷன்காரருடையது. குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னாள். "போன தடவை நான் வந்தப்போ என் ஃப்ளாப்பியில வைரஸ் இருந்துது சார். எனக்குத் தெரியல. உங்க மெஷினுக்கு நான்தான் கொண்டாந்துட்டேன். வேற யாரையும் தொட விடாதீங்க. நானே சரிபண்ணித் தரேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "நோயைக் குடுக்கிறதும் நீ, மருந்து குடுக்கிறதும் நீயா? நல்ல வியாபாரம்மா இது!"

"தெரியாம நடந்துது சார்."

"இத்தனை நாள் வந்ததெல்லாம் எப்படி வந்துதுன்னு இப்பல்ல தெரியுது."

இருந்தாலும் உள்ளே விட்டார். அவள் சரிசெய்கிற இரண்டு மணி நேரமும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எழுத்து ஒரு வரிகூடக் கெடாமல் திரும்பக் கிடைத்தது. அவள் படி இறங்கியதும் கதவைத் தாழ் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை நாலாவது வீட்டுக்குப் போனபோது விஷயம் ஏற்கெனவே போனில் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "வேணாம்மா, நாங்க கடையில காட்டிக்கிறோம்" என்றாள் அந்த வீட்டுப் பெண்மணி.

"கடையில காட்டுங்கம்மா. ஆனா நேரா எடுக்க வேணாம், முதல்ல குழப்பினதைச் சரிபண்ணச் சொல்லுங்க. இதுல எழுதியிருக்கேன்." கம்பி வழியாகக் காகிதத்தை நீட்டினாள். அந்தப் பெண்மணி வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் எல்லாம் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

பூந்தமல்லியில் ரோஸி என்கிற நர்ஸின் வீட்டில்தான் அந்த வாரம் ஒரே ஒரு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்கிட்ட சீட்டு விளையாட்டைத் தவிர ஒண்ணுமே இல்லக்கா, அது பாதி தின்னா என்ன முழுசா தின்னா என்ன" என்று ரோஸி சொல்லிவிட்டு, "அதுக்குன்னு வெயில்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா?" என்று தண்ணீர் கொடுத்தாள். பத்தில் ஏழு வீடுகளைக் கன்னியம்மா அந்த வாரத்துக்குள் சரிசெய்துவிட்டாள். மற்ற மூன்றில் அவளை உள்ளே விடவில்லை.

வேம்புலி வீட்டுக்கும் போனாள். கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்தது. "என் ஊட்லேந்தா? வெளிய தெரிஞ்சா எவன் வருவான் ஜாதகம் பாக்க? யார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"உங்க பேரை எங்கயும் சொல்லலீங்க. ஒரு ஃபைல் காப்பி பண்ணப்போ ஏறிடிச்சின்னுதான் சொன்னேன்."

"நல்லா இருப்பே தாயி."

அவர் மெஷினையும் சரிசெய்து கொடுத்தாள். கடைசியாக மிச்சம் இருந்தது காட்டுப்பாக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் போனாள். வனஜா கதவைத் திறந்து, "வாங்க, நானே போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள். கன்னியம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே பத்து வீடுகளில் சொன்னதைப் பதினோராவதாகச் சொல்வது போலச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தாள். போன வாரமே தெரியும், தெரிந்தும் மறைத்தேன் என்பதையும், குறிப்பைப் படிக்காமல் அழுத்தியதையும் சொன்னாள்.

வனஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ஓட்டையைப் பத்தி என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? உசிரே போனாலும் மூடக்கூடாதுன்னு. எதுக்கு மூடினீங்க?" என்றாள்.

"ஒரு ஃபைலைக் காப்பி பண்றதுக்கு."

"என்ன ஃபைல்?"

மற்ற வீடுகளில் யாரும் அதைக் கேட்கவில்லை. கன்னியம்மா சுவரைப் பார்த்தாள். "ஜாதகம்."

"யாருது?"

"என்னுது மேடம். எனக்கு இருந்ததில்லை. அன்னிக்குத்தான் மொத மொத பாத்தேன்."

வனஜா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவள் முகத்தில் கோபமும் வேறு ஏதோ ஒன்றும் மாறி மாறி வந்து போயின. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கணும்." சற்று நின்று, "உங்க நோட்டெல்லாம் கையெழுத்துல இருக்குமே மேடம். நான் உக்காந்து அடிச்சுத் தரேன். ரெண்டு அத்தியாயமும். எனக்கு வேகம் இருக்கு" என்றாள் கன்னியம்மா.

வனஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன். ஒன்பது மணிக்கு மேல வாங்க. நான் நாலு மணிக்கு வந்துடுவேன். அதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க."

இருபத்து மூன்று நாள் கன்னியம்மா அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அடித்தாள். காலையில் பக்கத்து வீட்டில் சாவி வாங்குவாள், மூன்றே முக்காலுக்குத் திருப்பிக் கொடுப்பாள். வனஜாவைப் பார்க்கவே இல்லை. மேஜை மேல் நோட்டுகளும், முந்தின நாள் அடித்ததில் திருத்தங்கள் போட்ட தாளும் இருக்கும். திருத்தங்கள் சிவப்பு மையில் இருக்கும். வேறு ஒரு வார்த்தை இருக்காது. சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார மனம் வரவில்லை.

பதினோராம் நாள் ஒரு பழைய நோட்டில் மீன்களின் உள்ளூர்ப் பெயர்ப் பட்டியல் வந்தது. ஓரத்தில் பென்சிலில், 'சொன்னது கன்னியம்மா, பாரிவாக்கம்' என்று பதினாலு இடத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் அப்படியே அடித்தாள். மறுநாள் திருத்தத் தாளில் வனஜா அவற்றின் மேல் கோடு போட்டிருக்கவில்லை. அவள் அதைப் பார்த்திருப்பாள், பார்த்தும் விட்டிருக்கிறாள் என்று கன்னியம்மா நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் அடித்து முடித்து, இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டு, நாலு மணி வரை இருந்துவிடலாமா என்று யோசித்தாள். மூன்றே முக்காலுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு பஸ்ஸிலிருந்து வனஜா இறங்குவது தெரிந்தது. வனஜாவும் பார்த்தாள். சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. வனஜா ஒரு முறை தலையசைத்தாள். கோபம் ஆறிவிட்டது என்பதா, இதோடு போதும் என்பதா என்று கன்னியம்மாவுக்குத் தெரியவில்லை. கட்டுரை டிசம்பரில் போய்ச் சேர்ந்தது என்றும், அடுத்த கோடையில் வனஜா திருச்சிக்கே மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்றும் ரோஸி சொல்லித்தான் தெரியும்.

வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. துலுக்கானம் கடைப் போன் அவளுக்காக அடிப்பது வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. பகலில் அம்பத்தூர் ஓ.டி. அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பங்கள் டைப் அடிக்கப் போனாள். புதிதாக யாராவது வைரஸ் என்று கூப்பிட்டால், உள்ளே நுழையும் முன் நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுவாள். யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் ஒருவர் வீட்டு நாற்காலியில் உட்கார அவளால் முடியவில்லை. பாதிப் பேர், "அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்பார்கள்.

98-ஆம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், செம்பரம்பாக்கத்துக்குப் போகும் வழியில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டிலிருந்து அங்கம்மா என்பவள் கூப்பிட்டாள். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர். கன்னியம்மா வாசலில் நின்று தன் கதையைத் தொடங்கினாள். அங்கம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருக்கட்டும்மா. பத்து மணிக்கு கரண்டு புடுங்கிடுவான். உள்ள வந்து சட்டுனு பாரு. புள்ள போட்டோவெல்லாம் அதுலதான் கீது."

கன்னியம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். அங்கம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று எண்கள் ஓடுவதைப் பார்த்தாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கொல்லைக்குப் போய்விட்டாள். அறுபத்தெட்டு சதவீதத்தில் கரண்டு போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கரண்டு வர எத்தனை மணி ஆகும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கன்னியம்மா இருட்டிப்போன திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டரைக்குக் கரண்டு வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷினை மறுபடி தொடங்கி, பூஜ்யத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.